குஞ்சத்தில் கால் வைத்த தவளை

பழைய ஹவாய் செருப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை இறக்கும்போது எழும் ரப்பர் நாற்றம் எங்கேயாவது மூக்கில் பட்டால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கோ நாமக்கல்லை அடுத்த எங்கள் ஊர் ஏரியும், அதன் அல்லி இலைகளுக்கு அடியில் கிடந்த விரால்களும் ஞாபகம் வரும்.

அப்பா லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் பதினைந்து நாள் கழித்துத்தான் திரும்புவார். வந்து தூங்கி எழுந்ததும் மூங்கில் கம்பையும், ‘தங்கூஸ்’ என்று நாங்கள் சொல்லும் நைலான் நரம்பையும் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவார். விராலுக்கு இரை உயிருள்ள தவளை. அதன் முதுகில் அவர் தூண்டில் முள்ளைக் கோக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். பொம்மைத் தவளை செய்து போடலாமே என்று ஒருநாள் கேட்டதற்கு, “உசுரு இல்லாததை விரால் தொடாது சாமி” என்று சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

செருப்பின் குதிகால் பக்கத்தை வெட்டி, முள் மாட்டக் காய்ச்சிய கம்பியால் துளையிட்டுத் தவளையின் உடம்பைச் செய்துவிட்டேன். கால்களுக்குத்தான் எதுவும் சரிப்படவில்லை. அப்போது கண்ணில் பட்டது, திருஷ்டி கழிய லாரியின் முன்னால் அம்மா கட்டியிருந்த கறுப்புக் ‘குஞ்சம்’. அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து அதில் பாதியைக் கத்தரித்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. வழியனுப்பிய அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம், “நான் கட்டுன குஞ்சம் முழுசா இருக்கற வரைக்கும் வண்டி பத்திரமா ஊடு வந்து சேந்துருமுங்க” என்றாள். கையிலிருந்த தவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

பதினைந்து நாள் போயிற்று, இருபதும் போயிற்று. புக்கிங் ஆபீசில் விசாரித்தால், வண்டி எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை என்றார்கள். அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். செய்து முடித்த தவளையை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்துவிட்டு, அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது என்னால்தான் என்று சோறு இறங்காமல் கிடந்தேன்.

இருபத்துமூன்றாம் நாள் மத்தியானம் வண்டி வந்தது. அம்மா வெந்நீர் போட உள்ளே போனதும், தவளையை நீட்டி, அழுதுகொண்டே எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் குஞ்சத்தைப் பார்த்தார். தவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“லோடு சாஸ்தி, அதான் ஆக்ஸில் ஒடிஞ்சுருச்சு. அதுக்கு நீயென்ன பண்ணுவ சாமி? வா, இதைத் தண்ணியில போட்டுப் பாக்கலாம்.”

தூங்கக்கூட இல்லை அவர். மூன்றாவது வீச்சில் அல்லி இலைகள் கிழிய ஒரு விரால் அந்தச் செருப்புத் துண்டைக் கவ்விக்கொண்டு போனது. அதைக் கரைக்கு இழுத்துப் போட்டு, வாயிலிருந்து தவளையைக் கழற்றிய அப்பா, “தொட்டுருச்சு சாமி” என்றார். அதன்பின் அவர் உயிர்த் தவளையைக் கோத்து நான் பார்த்ததில்லை. அடுத்த நடைக்கு முன், முள்ளை ஒடித்துவிட்டு, அந்தத் தவளையைக் குறைந்த குஞ்சத்தோடு சேர்த்துக் கட்டினார். வடக்கே வாங்கியது என்று அம்மாவிடம் பொய் சொன்னார்.

இன்று ஏரியில் பாதி சீமைக்கருவேலம், மீதி மனைக்கல். அப்பாவும் இல்லை; அவரில்லாமல் அந்தப் பக்கம் போகவே எனக்குப் பிடிப்பதில்லை. என் மகன் கண்ணும் காலும் வைத்த சிலிக்கான் தவளைகளை போனிலேயே வரவழைத்து, என் காரில் மேட்டூர்ப் பக்கம் மீன் பிடிக்கப் போகிறான். அப்பாவின் லாரியிலிருந்து அவிழ்த்து அந்தக் கார் கண்ணாடியில் நான் தொங்கவிட்டிருக்கும் செருப்புத் தவளையை புது முள் மாட்டி ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சுவான். நான் தருவதில்லை. அவனை மேட்டூருக்குக் கூட்டிப்போகிற வண்டி வீடு வந்து சேர வேண்டும்.