தோள் தாங்கும் அளவு

போன சனிக்கிழமை மகளுக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கப் பக்குரங்காவில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் புது மட்டையில் லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்துக் காட்டினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கிரிக்கெட் நினைவு வரவில்லை, துப்பாக்கி நினைவு வந்தது. இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று பாதி வழியில் காரைத் திருப்பச் சொல்கிற ஆள் நான். எனக்குத் துப்பாக்கியின் வாசனை தெரியும் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அப்போது கிளென் ஈடனில் ஒரு வீட்டின் பின்புறம் சின்ன யூனிட்டில் வாடகைக்கு இருந்தோம். மகள் கைக்குழந்தை. முன்வீட்டில் முனி அண்ணன் தனியாக இருந்தார். ஃபிஜியில் பிறந்த தமிழர், ஐம்பதைத் தொடவில்லை. வீடுகளுக்குச் சுவரும் கூரையும் பூசுகிற வேலை. அவருடைய தமிழ் கோயிலில் பழகிய தமிழ், பாதியில் ஹிந்திப் பக்கம் சாய்ந்துவிடும். இளவயதில் ஃபிஜி ராணுவத்தில் சேர்ந்து, அமைதிப் படையோடு ஏதோ பாலைவனத்தில் காவல் நின்றவர். இந்த நாட்டுக்கு வந்தபின் வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில், மான் வேட்டைக்குப் போவார். ஆண் மான்கள் இணை தேடி மலையெல்லாம் கத்துகிற மாதம் அது.

கராஜில் உட்கார்ந்து துப்பாக்கியின் மரக்கட்டைக்கு அந்த எண்ணெயைத் தடவுவார். வாசனை குழந்தைக்கு ஆகாதோ என்று நான் ஜன்னலைச் சாத்துவேன். சாத்தினால் காற்று வராதே என்று திறப்பேன். அவர் டீ குடிக்க வரும்போதெல்லாம் முதல் கேள்வி என்னுடையதுதான்.

"துப்பாக்கிப் பெட்டிய பூட்டினீங்களா அண்ணா?"

"பூட்டிட்டேன் தங்கச்சி. சாவிய முழுங்கிட்டேன்."

ஞாயிறு மாலைகளில் என் வீட்டுக்காரரும் அவரும் பேசுவது ஒன்றைத்தான்: எந்தத் தோட்டா எதற்கு. இவர் மென்பொருள் ஆள், துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. முனி அண்ணனோடு மலைக்குப் போகும் ஆசையில் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு லேப்டாப்பில் ஓர் அட்டவணை வைத்திருந்தார். ஆறரை மில்லிமீட்டர் குண்டு எத்தனை தூரத்தில் எவ்வளவு இறங்கும், 'த்ரீ நாட் எய்ட்' எவ்வளவு இறங்கும், பக்கக் காற்று எதை அதிகம் தள்ளும் என்றெல்லாம்.

"அறுநூறு மீட்டர்ல ஆறரதான் அண்ணா பெஸ்ட்டு. காத்துக்கு அவ்வளவா நகராது."

"அறுநூறா? அவ்ளோ தூரத்து மானுக்கு நீ ஃபோன் போட்டுக்கோ தம்பி."

முனி அண்ணனிடம் இருந்தது 'முந்நூறு மேக்னம்'. பள்ளத்தாக்கைத் தாண்டிச் சுடலாம், ஆனால் சுடுகிறவர் தோளில் பலமாக ஓர் உதை விழும். அந்த உதைதான் விஷயம் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஒரு நாள் அதை விற்றுவிட்டு, அதைவிட உதை குறைந்த த்ரீ நாட் எய்ட் வாங்கி வந்தார். கூரை பூசிப் பூசி வலது தோளில் வலி என்றார். அடுத்து அதைவிடவும் லேசான ஆறரை. இவர் தன் கட்சி ஜெயித்துவிட்டதாகக் கொண்டாடினார். நானும் வாசலில் இருக்கும் ஆயுதம் சிறிதாகிக்கொண்டே போகிறதென்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். வலி வேலையால் வந்ததல்ல, புற்று எலும்பில் பரவியிருக்கிறது என்றார்கள்.

அதன்பிறகும் பேச்சு நிற்கவில்லை. வாதம் மட்டும் வேறாகிவிட்டது. எது தூரம் போகும் என்பது போய், எது இந்தத் தோளுக்கு வலிக்காமல் மானை ஒரே அடியில் சாய்க்கும் என்றானது. இன்னும் ஓர் ஏப்ரல் வேண்டும் அவருக்கு. அவ்வளவுதான் கேட்டார். 'டூ ஃபார்ட்டி த்ரீ' என்று இன்னும் மெலிந்த ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்.

"அதுக்கும் கீழ டூ டூ த்ரீ பாருங்களேன். உதையே கிடையாது. ஆர்மில கிட்டத்தட்ட அதானே வச்சிருக்காங்க?" என்றார் இவர்.

"அது மனுசனுக்கு தம்பி. மானுக்குப் பத்தாது."

டீ ஊற்றிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னார்.

"சோல்ஜருக்கு லேசா இருக்கணும், நெறைய தூக்கிட்டுப் போகணும். எதிரிக்கு அடிபட்டா போதும், சாக வேணாம். அவன தூக்க ரெண்டு பேர் வருவான். மானத் தூக்க யார் வர்றா? புதருக்குள்ள போயி கெடந்து கெடந்து சாகும்."

அன்று கிளம்புமுன் வழக்கம்போலக் குழந்தைக்குக் கை நீட்டினார். பாதியில் கையை மடக்கிக்கொண்டார்.

"இவ மேக்னம் ஆயிட்டா தங்கச்சி. மடியில வையி."

நாங்கள் மூவரும் சிரித்தோம். அவர் போனபின் நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச்சில் அந்த டூ ஃபார்ட்டி த்ரீயைச் சுட்டுப் பார்க்க ரேஞ்சுக்குப் போனார்கள். தோளில் வைக்க மகளின் துணி நாப்பிகளை மடித்துக் கொடுத்தேன். இன்னும் இரண்டு வைத்திருக்கலாமோ என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு குண்டு சுட்டாராம். குறி தப்பவில்லை. அதன்பின் பெஞ்சிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

"சரியா பட்டுச்சேண்ணா, போலாமே," என்று இவர் கெஞ்சியிருக்கிறார்.

"மொதக் குண்டு தப்பா பட்டா உடனே ரெண்டாவது போடணும். அதுக்கு இந்தத் தோள் வராது. வராதுன்னா மொதலும் போடக் கூடாது."

அந்தத் துப்பாக்கியையும் வாங்கிய துப்பாக்கிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஆனாலும் ஏப்ரலில் போனார்கள். வெறுங்கையோடு, இரண்டு போர்வையும் என் தக்காளிச் சாதமும் மாத்திரைப் பையுமாக. நான் மாத்திரை நேரத்தை இவர் கையிலேயே பேனாவால் எழுதி அனுப்பினேன். அவ்வளவு தூரம் அவரை அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டேன், அனுப்பாமல் எப்படி என்றும் கேட்டுக்கொண்டேன்.

நடந்ததை இவர்தான் பிறகு சொன்னார். காட்டுப்பாதை முடிகிற இடத்தில் முனி அண்ணனை ஒரு மரத்தில் சாய்த்து உட்காரவைத்திருக்கிறார். விடிகிற நேரம், மூடுபனி. எதிர் மலையில் கத்திக்கொண்டிருந்த மான் ஒன்று, யாரும் கூப்பிடாமல், சரிவில் இறங்கி நேரே வந்திருக்கிறது. கல்லெறிந்தால் படுகிற தூரம். பெரிய கொம்பு, மூச்சு புகையாக வருகிறது. அந்தத் தூரத்துக்கு எந்த அட்டவணையும் தேவையில்லை, எந்தத் தோட்டாவும் போதும். முனி அண்ணன் பழக்கத்தில் வலது கையை உயர்த்தப் பார்த்தார், அது மடியை விட்டு எழவில்லை.

"ஜாவ்," என்றாராம் அதனிடம், ஹிந்தியில், மெதுவாக. போ என்று.

அது கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் போனதாம்.

அந்த ஏப்ரலை அடுத்து வந்த குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். இவருடைய லைசென்ஸ் அதன்பிறகு தபாலில் வந்தது. இவர் துப்பாக்கி வாங்கவேயில்லை. முன்வீட்டை இடித்துவிட்டு அங்கே ஒட்டி ஒட்டி மாடிவீடுகள் கட்டிவிட்டார்கள், கராஜ் எந்த மூலையில் இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. மகளுக்கு அவர் முகம் தெரியாது. லேப்டாப் மாற்றியபோது அந்த அட்டவணையும் போய்விட்டது, இவர் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீ இன்னும் உண்டு. எது எதற்குப் போதும் என்று எங்கள் வீட்டில் இப்போது யாரும் வாதாடுவதில்லை.