கிழட்டு பேட்டரியும் கருட சேவையும்

எங்கள் வீட்டுக்கு வரும்போதே அந்தக் கைபேசிக்கு வயதாகியிருந்தது. கம்பெனி வேலையில் இருந்த என் தம்பி புதிது வாங்கிக்கொண்டு, பழையதை என்னிடம் கொடுத்தான்.

“ஸ்மார்ட் போனு அக்கா இது. கேமரா, ரேடியோ, அலாரம் எல்லாம் இருக்குது. பேட்டரிதான் கெழடாயிடுச்சு. உன் மாமியார் மாதிரி பக்குவமா பாத்துக்கோ.”

உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் மாமியார் குரல் கொடுத்தார். “கெழவிக்குக் காது நல்லா கேக்குதுன்னு சொல்லும்மா அவன்கிட்ட.”

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அவர் படுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் செவிலிமேடு திரும்புவார். பகலெல்லாம் நானும் மாமியாரும், அப்புறம் அந்தக் கைபேசியும்தான்.

நான் எட்டாவது வரை படித்தவள். மாத்திரை அட்டையில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்து எனக்குப் பிடிபடாது. அதனால் ஒவ்வொரு அட்டையையும் படம் எடுத்து வைத்து, மருந்துக் கடையில் காட்டுவேன். மூன்று வேளைக்கும் அலாரம் வைத்தேன். இயர்போன் வயரைச் சொருகினால்தான் ரேடியோ பாடும் என்று கண்டுபிடித்து, மார்கழி முழுக்க அவருக்குத் திருப்பாவை போட்டேன். சார்ஜ் குறைந்தால் பேட்டரியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித் திரும்பப் போடுவேன். கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். எனக்கு அப்படித் தேய்த்துவிட யாரும் இல்லையே என்று சில நாள் தோன்றும்.

வைகாசி வந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து மாமியார், பெருமாள் கருடன்மேல் வீதி வரும் கருட சேவையைத் தவறவிட்டதில்லை. “என்னைத் தூக்கிக்கினு போவ முடியாதாம்மா?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது.

“நான் போய் படம் புடிச்சுக்கினு வரேன் அத்தை. நீங்க இங்கயே சேவிக்கலாம்” என்றேன்.

பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு விடியும் முன்பே கிளம்பினேன். பெருமாள் நான் நின்ற இடத்துக்கு வரும்வரை கைபேசியை அணைத்தே வைத்திருந்தேன். குடை தெரிந்ததும் போட்டேன். மூன்று நிமிடம், கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி எடுத்தேன். பிறகு கூட்டத்தில் நசுங்கி, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு சேர்ந்து, பக்கத்து வீட்டம்மாவை அனுப்பிவைத்தபோது மணி பத்து. அந்த வருஷம் தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்டு இருக்காது. கைபேசியில் ஒரே ஒரு கோடு மிச்சம்.

“அத்தை, உடனே பாத்துடுங்க. அணைஞ்சுடும்.”

“குளிக்காம எப்படிம்மா பெருமாளைப் பாக்கறது? படுக்கையிலயே எல்லாம் போன ஒடம்பு.”

அவசரம் என்று நான் மறுபடி சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கும் அது சரியென்றே பட்டது. தண்ணீர் காயவைத்து, உடம்பைத் துடைத்து, விரிப்பை மாற்றி, வேறு புடவை சுற்றி, நெற்றிக்கு இட்டு, விளக்கேற்றினேன். அணைத்தால் திரும்ப உயிர் வராதோ என்ற பயத்தில் கைபேசியை அப்படியே விட்டிருந்தேன். அவர் கைகூப்பிக் கண் திறந்தபோது அது ஒரு ராகம் பாடிவிட்டு இருண்டது.

“பெருமாள் எங்கம்மா?”

பேட்டரியைக் கழற்றினேன், தேய்த்தேன், போட்டேன். படம் ஓடத் தொடங்கியது. ஜனங்களின் தலை தெரிந்தது, பிறகு குடை. கருடனின் இறக்கை ஓரம் வந்ததும் மறுபடி இருட்டு. எனக்கு அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீயாவது நல்லா சேவிச்சியா?”

“இல்லத்தை. இந்தப் போன் கண்ணாடியையேதான் பாத்துக்கினு இருந்தேன். கை ஆடக்கூடாதுன்னு.”

“சரி வுடு. ரெண்டு பேருக்கும் இன்னும் கெடைக்கல. கரண்டு வரட்டும்.”

கட்டில் சட்டத்தில் தலை சாய்த்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். ஈரத்துணி பிழியாமல் வாளியிலேயே கிடந்தது. மின்விசிறி சுற்றிய காற்று பட்டு விழித்தேன். மாமியார் கூப்பிய கையை மார்பில் வைத்தபடி விழித்தே இருந்தார். நான் சார்ஜரைத் தேடி எழுந்தேன்.

“மொதல்ல நீ போய் குளிச்சிட்டு வா. பஸ்ல வந்த ஒடம்பு.”

கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆனாலும் போய் இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டு வந்தேன். பிளக் கதவோரத்தில் இருந்தது, ஒயர் எட்டவில்லை. கட்டிலை அவரோடு சேர்த்து மெல்ல இழுத்தேன். அவர் வலியில் பல்லைக் கடித்தார், நிறுத்தச் சொல்லவில்லை. ஒயர் எட்டியதும் அவர் தலையணையிலேயே நானும் தலை வைத்துக்கொண்டேன். குடை வந்தது. இறக்கை வந்தது. அப்புறம் பெருமாள் வந்தார்.