மைனியின் இடது கை

போன வாரம் மைனியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போயிருந்தேன். மைனி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணனுக்கு ஹார்பரில் ஷிப்ட். ஸ்கூட்டர் ஓட்டுவது நான்.

டெக்னீஷியன் பெண் மைனியின் இடது மணிக்கட்டில் விரலை வைத்தாள். முகம் மாறிவிட்டது.

"அக்கா, துடிப்பையே காணுமே!"

அந்த இடத்தில் இரண்டு ரத்தக்குழாய்களை ஆபரேஷன் செய்து இணைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். டயாலிசிஸ் ஊசி அதில்தான் ஏறும். தொட்டால் சைலண்ட்டில் போட்ட செல்போன் மாதிரி அதிரும். இரண்டு கிட்னியும் கைவிட்ட மனுஷிக்கு அந்த அதிர்வுதான் உயிர். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, வளையல் கூடாது, பை தூக்கக் கூடாது.

சேலைத் தலைப்பை விலக்கினால்... மணிக்கட்டுக்குச் சற்று மேலே சதை பிதுங்க இறுக்கிக் கட்டிய தசராக் காப்பு!

கட்டியது மைனியின் பெரியம்மா. குலசை அம்மன் கோயில் தசராவிலிருந்து, விரதத்துக்குக் கட்டும் காப்புக் கயிறோடு வந்திருக்கிறார். "இந்தக் கையில கெட்டக் கூடாது பெரியம்மா" என்று மைனி சொல்லத்தான் சொல்லியிருக்கிறார்.

"பொம்பளைக்கு இடது கைதாம்ளா. அம்மன் காப்பு, ஒண்ணும் செய்யாது. நீட்டு!"

நீட்டிவிட்டார். அப்புறம் கை கடுத்திருக்கிறது. அவிழ்க்க வேண்டியதுதானே? தசரா முடியாமல் காப்பை அவிழ்க்கக் கூடாதாம்! என் அருமை அண்ணனும் "முடியட்டும், பாப்போம்" என்றானாம்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே... ஒண்ணும் செய்யாது — என்ன தைரியம்! கடையில் கருவாடு வாங்கினால்கூட நாலு தடவை முகர்ந்து பார்க்கிற நாம், நோயாளி என்று வந்துவிட்டால் ஆளாளுக்கு எம்.டி. ஆகிவிடுகிறோம். தண்ணீரையே அளந்து குடிக்கச் சொன்ன ஆளுக்கு முழு இளநீரை வெட்டி நீட்டுகிறோம். கேட்டால், ஒண்ணும் செய்யாது! செய்துவிட்டால் யார் பதில் சொல்வது? வலது கையில் கட்டினால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பாள் அம்மன்? பாவம், அவளையும் இதில் இழுத்துவிட்டார்கள்.

ரத்தம் உறைந்து ஃபிஸ்டுலா அடைத்துவிட்டது என்றார் டாக்டர். இப்போதைக்குக் கழுத்தில் ட்யூப் போட்டு டயாலிசிஸ் ஓடுகிறது. அடுத்த ஃபிஸ்டுலா வலது கையில்தானாம். "இந்தக் கையையாவது காப்பாத்துங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கட்டினவர்களை விட்டுவிட்டு என்னை!

நேற்று பெரியம்மா பார்க்க வந்தார். கழுத்து ட்யூபைக் கண்டதும் பொலபொலவென்று அழுதார். பொய் அழுகை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கண்ணைத் துடைத்துக்கொண்டு மடியை அவிழ்த்தார்... உள்ளே இன்னொரு கயிறு!

"ஏளா, அந்தக் கைக்குத்தான் ஆவல. வலது கைய நீட்டு, ஒண்ணும் செய்யாது."

நான் வாயைத் திறப்பதற்குள், யார் மனதும் நோகக் கூடாது என்றே வாழ்ந்த மைனி, கையை வெடுக்கென்று இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"பெரியம்மா, இதுவும் போச்சுன்னா நீட்டுததுக்கு எனக்கு வேற கை இல்ல."