இடைவேளைக்குப் பிறகு

1991 ஆவணியில் ஒரு ஞாயிறு என்பதுவரை உறுதி. தேதியைப் பிறகு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. மண்ணூர்ப் பக்கத்து டென்ட் கொட்டகையில் அன்று முதல் ஆட்டம் எங்கள் ஊருக்கு இலவசம். அழைத்தவர் என் அக்காவின் கணவர்.

அவர் கோட்டைக்கும் ஊருக்கும் நடையாய் நடப்பவர். மாற்றலோ உரிமமோ அவர் வாயால் சொன்னால் நடக்கும். அந்தக் கோடையில்தான் கார் வாங்கியிருந்தார். தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கப்போவதாகப் பேச்சு எழுந்தபோது, எங்கள் கழனிகளை விட்டுவிடச் செய்வதாக வாக்குக் கொடுத்தார். அதை நம்பி ஊரார் ஆட்சேப மனு எழுதவில்லை. "மாப்ள இருக்கசொல்ல மனு எதுக்கு?" என்று எல்லோரையும் தடுத்தவர் என் அப்பா.

அன்று போட்ட படத்தை அக்காவின் கணவர் சென்னையில் இடைவேளை வரைதான் பார்த்திருந்தார். அமைச்சரின் உதவியாளரைப் பார்க்க நேரமாகிவிட்டதென்று எழுந்து வந்துவிட்டார். ஒன்றுமில்லாத ஒரு தரகன் மந்திரிகளைக் கைக்குள் போட்டுக்கொண்டு மாளிகை கட்டுகிற கதை. ஊரே பார்க்கட்டும் என்று நினைத்திருக்கிறார்.

"அண்ணாத்தே, உங்கள பாத்துதான் எட்த்துகிறான்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அவர் எழுந்து கும்பிட்டார். ஒரே விசில்.

இடைவேளையில் முறுக்கு தின்றுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தோம். திரையில் தரகன், தன்னை நம்பிய கிராமத்தைக் கம்பெனிக்குக் காட்டிக்கொடுத்தான்.

"இன்னா அண்ணாத்தே, இதுவும் நீதானா?" அதே குரல்.

சிலர் சிரித்தார்கள். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தரகனுக்கு விலங்கு மாட்டியபோது, மணலில் உட்கார்ந்திருந்த பலர் எங்கள் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

அப்பா குனிந்து கேட்டார். "மாப்ளே, நம்ம கயினி தப்பிச்சிதா?"

"படம் முடியட்டும் மாமா."

"எனுக்கு மட்டுமாவது சொல்லுங்க."

"மனு குடுக்கற கெடு போன மாசமே முடிஞ்சிபோச்சி மாமா. நம்மளுதும் அதுல கீது."

அப்பா தலையாட்டினார். கடைசிவரை படம் பார்த்தார். திரும்பும்போது மட்டும் காரில் ஏறாமல் நடந்து வந்தார்.

அதன்பின் மருமகனிடம் நிலத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. தை பிறந்து அளவைக்காரர்கள் வந்தபோது வரப்பில் நின்றிருந்தார். ஆள் போதவில்லை, சங்கிலியின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, கழனியில் இறங்கிப் பிடித்தார்.