வழுக்குமரத்துக்கு யோகாசனம்

யுத்த காலம். துணிக்குப் பங்கீடு. அந்த வருஷம் தூத்துக்குடியில் எங்கள் கோயில் வழுக்குமரத்தின் உச்சியில் பரிசாகப் புது வேட்டி கட்டினார்கள். போட்டியில் எங்கள் தெரு அணிக்குத் தலைவர் ஒரு துறைமுகக் குமாஸ்தா அண்ணாச்சி. ஏதோ யோகாசனப் புத்தகம் படித்துவிட்டு, “ஏலே, உடம்பு வளைஞ்சா மரம் ஏறுதது தன்னால வரும்” என்று எங்களை மாதம் முழுக்கக் கடற்கரையில் தலைகீழாக நிறுத்தினார். ஒரு மரத்தைக்கூடத் தொட விடவில்லை. மூக்கெல்லாம் மணல்.

போட்டியன்று முதல் ஆளாக அவரே ஏறினார். பாதி மரத்தில் கண்ணை மூடி மூச்சை அடக்கினார். சர்ரென்று வழுக்கிச் சேற்றில் விழுந்தார்.

“மனசு உச்சிக்குப் போயிட்டுலே, உடம்புதான் வரல” என்றார்.

எதிர்த்தெருக்காரன் ஏறி, புது வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். அண்ணாச்சியின் மனசு உச்சியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். வழுக்கினதில் வேட்டி கிழிந்துபோன உடம்பைத்தான் துண்டால் மூடி வீட்டில் சேர்த்தோம்.