கூண்டு கிடையாது என்றாள் அக்கா

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. "கட்டுரையாளருக்கு உடல்நலக் குறைவு" என்று ஆசிரியர் ஒரு வரி போட்டுச் சமாளித்துவிட்டார். விளைவு? உத்தர வீதியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். ஒரு வாசகர் வீடு தேடி வந்து கஷாயப் பொடி கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — கட்டுரையை முயல் தின்றுவிட்டது.

நாலு பக்கம். மை காயட்டும் என்று கூடத்தில் பாய் மேல் பரப்பிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தலைப்பும் என் கையெழுத்தும்தான் மிச்சம். நடுவில் இருந்த வாதங்கள் எல்லாம் துரையின் வயிற்றில். துரை என்பது முயலின் பெயர்.

"முயலா? கூடத்திலா? ஸ்ரீரங்கத்திலா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விகள். நானும் கேட்டவன்தான். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானது நினைவிருக்கிறதல்லவா? ரயிலில் மூட்டைகளோடு மூட்டைகளாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒரு ரேழிகூட வாடகைக்குக் கிடைக்காத காலம். அப்போதுதான் என் அக்கா அலமேலு வந்து சேர்ந்தாள். அவள் கணவருக்கு, அதாவது என் அத்திம்பேருக்கு, பட்டணத்தில் பாங்க் உத்தியோகம். அவர் நகர முடியாது. அக்காவை மட்டும் என்னிடம் அனுப்பி வைத்தார்.

எனக்குச் சந்தோஷம்தான். மனைவி காலமாகி ஆறு வருஷமாக நான் தனி ஆள். வாடகை வீட்டில் நானும் என் புஸ்தகங்களும்தான். தன் கைச் சமையலைத் தானே சாப்பிடுகிறவனுக்கு அக்கா வருவதைவிட நல்ல செய்தி உண்டா?

ஜட்காவிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. ஒரு படுக்கை. அப்புறம் அக்கா. அவள் மடியில் ஒரு பெரிய பிரம்புக் கூடை. அது அசைந்தது.

"என்ன அக்கா இது?"

"முயல். நாலு."

காய்கறி வாங்கி வந்த மாதிரி சொன்னாள்!

அவள் வீட்டுக்குப் பக்கத்து பங்களாவில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் குடும்பம் இருந்ததாம். சைரன் ஒத்திகை இரண்டு தடவை ஊதியதும் சாமான்களைக் கட்டிக்கொண்டு நீலகிரிக்குப் போய்விட்டார்கள். பின்பக்கம் முயல் கூண்டு ஒன்று இருப்பது அந்த அவசரத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. மூன்றாம் நாள் அக்கா மதில் மேலாக எட்டிப் பார்த்திருக்கிறாள். கூண்டுக்குள் ஐந்து முயல். ஒன்று செத்துக் கிடந்தது. மற்ற நாலும் அதன் மேல் ஏறி நின்றுகொண்டு கம்பி வலையைக் கடித்துக்கொண்டிருந்தன. பூட்டை அம்மிக் குழவியால் உடைத்து எடுத்து வந்திருக்கிறாள்.

"இனிமே உங்களுக்குக் கூண்டு கிடையாதுன்னு அதுகள்கிட்ட சொல்லிட்டேன்டா" என்றாள்.

முயலுக்கு வாக்குக் கொடுத்த மனுஷியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

பெயர்கள் வரும்போதே வைத்தாகிவிட்டது. வெள்ளையாக, சிவந்த கண்ணோடு, கம்பீரமாக உட்கார்ந்திருந்தது துரை. சாம்பல் நிறம் மிளகு. பழுப்பு சீயக்காய். குட்டியாக இருந்தது பஞ்சு. நாலும் என் வீட்டுக் கூடத்தில் குடியேறின. கொல்லையில் விடலாமே என்றேன். "பூனை இருக்கு, கீரி இருக்கு, மேலே பருந்து இருக்கு. நீ போய்க் கொல்லையில படுத்துப் பாரேன்" என்றாள்.

முதல் பத்து நாளில் நான் இழந்தவை: ஒரு ஜோடி செருப்பின் வார், பஞ்சாங்கத்தில் ஆவணி மாதம், விசிறியின் காம்பு. இதெல்லாம் என் சொத்து, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் ரேழிக் கதவின் நிலை என் சொத்து இல்லையே...

வீட்டுக்காரர் வரதாச்சாரியார் அடுத்த வீட்டிலேயே இருப்பவர். விடியற்காலையில் கோயிலுக்குப் போய்ச் சேவித்துவிட்டு வந்த பிறகுதான் காபி. அந்தத் தேக்கு நிலை அவருடைய பாட்டனார் காலத்தில் மலையாளத்திலிருந்து வரவழைத்து இழைத்தது. அதன் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நாலு முயலும் பல் பதித்திருந்தன. அதோடு தெருவில் ஒரு பேச்சு வேறு கிளம்பிவிட்டது: "வைஷ்ணவன் அகத்துல முயல் வளர்க்கறானாம்... எதுக்கு வளர்ப்பா? தெரியாதா?"

வரதாச்சாரியார் வாசலில் நின்றே சொன்னார்: "ஓய், ஊர்ல என்ன பேசறான்னு தெரியுமா? பெருமாள் எழுந்தருளியிருக்கிற வீதி இது. ஒரு வாரம் தரேன். ஒண்ணு அதுகள் உள்ளேயிருந்து போகணும். இல்லேன்னா நீர் போகணும். இந்த ஆத்தைக் கேட்டுண்டு பட்டணத்துக்காரா வரிசையா நிக்கறா."

நான் பயந்துவிட்டேன். ஒளிப்பானேன்? இந்த வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது. டவுனில் ஒரு தச்சரிடம் போய், மரச் சட்டமும் கம்பி வலையுமாக ஒரு கூண்டு செய்யச் சொல்லி எடுத்து வந்து கொல்லை இறவாரத்தில் வைத்தேன். வரதாச்சாரியாரும் அதற்குச் சம்மதித்தார்.

அக்கா கூண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"உன் ஆத்துல உன் இஷ்டம்" என்றாள். அவ்வளவுதான். ஒவ்வொன்றாகத் தூக்கி அவளே உள்ளே விட்டாள். துரையை விடும்போது மட்டும் அதன் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மூன்று வாரம் போயிற்று. முயலுக்குச் சாப்பாடு போடும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன் — மனசு உறுத்தினால் வேறென்ன செய்வது? ஊறின அவல், குழைந்த சாதம், இளங்கீரை. மெத்து மெத்தென்று பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

ஒரு நாள் காலையில் துரை மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் கீரை அப்படியே கிடந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகி மோவாய் முழுவதும் ஈரம். தூக்கினால் எலும்பு கையில் தட்டியது.

 அக்கா பிரம்புக் கூடையை எடுத்தாள். நாலையும் உள்ளே வைத்தாள்.

"துரைக்குத்தானே உடம்பு? நாலும் எதுக்கு?"

"தனியா போனா அது பயந்தே செத்துடும். ஜட்கா கூப்பிடு."

காவேரிப் பாலத்தில் ஜட்கா போகும்போது கூடையின் மேல் முந்தானையைப் போர்த்தி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலைக்கோட்டை எதிரே தெரிந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாட்டாஸ்பத்திரியில் இரண்டு வண்டி மாடும் ஒரு குதிரையும் எங்களுக்கு முன்னால் காத்திருந்தன. எங்கள் முறை வந்ததும் டாக்டர் கூடைக்குள் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அம்மா, இங்க மாடு, குதிரைதாங்க பாக்கறோம். முயலுக்கெல்லாம் யாருங்க வைத்தியம் பண்றாங்க? கொண்டு போயிடுங்க."

"மாட்டுக்கு வாய் இருக்கோ இல்லியோ?"

"இருக்குங்க."

"இதுக்கும் இருக்கு. அதுலதான் ஏதோ கோளாறு. மோவாயெல்லாம் ஈரம் பாருங்கோ. நீங்க தொறந்து பார்க்கற வரைக்கும் நான் இங்கேதான் உக்காந்திருப்பேன்."

உட்கார்ந்தும் விட்டாள் — தரையில், கூடையோடு. பின்னால் ஒரு எருமை வந்து நின்றது. அக்கா நகரவில்லை. எருமைக்காரர்தான் முதலில் மனம் இரங்கினார்: "பாத்துடுங்க சார், அந்தம்மா போக மாட்டாங்க."

டாக்டர் துரையை மேஜை மேல் வைத்து உதட்டை விலக்கினார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. முன் பற்கள் நீண்டு, வளைந்து, கீழ்ப்பற்கள் மேலுதட்டைக் குத்திக்கொண்டிருந்தன. வாயை மூடவே முடியாது. அப்புறம் எப்படித் தின்னும்?

சின்னக் குறடு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அக்கா துரையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். நறுக், நறுக். அரை நிமிஷ வேலை.

"முயலுக்கு ஆயுசு பூரா பல்லு வளர்ந்துக்கிட்டே இருக்கும்மா. எதையாவது கொறிச்சாத்தான் தேயும். என்ன சாப்பாடு போட்டீங்க?"

"அவல், குழைஞ்ச சாதம்."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"கூண்டுல."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

டாக்டருக்கு அதற்குள் சுவாரசியம் வந்துவிட்டது. மற்ற மூன்றையும் தூக்கிப் பார்த்தார். மிளகுக்கும் பல் நீள ஆரம்பித்திருந்தது. கடைசியில் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாலும் பொட்டைங்க. துரைன்னு கூப்பிடறீங்களே, இது துரைசாணி."

திரும்பி வரும் வழியில், பாலத்தின் நடுவில், அக்கா வாயைத் திறந்தாள்.

"கூண்டு கிடையாது."

"சரி அக்கா."

"வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"சரி அக்கா."

வீட்டுக்கு வந்ததும் அரிவாளை எடுத்துக் கூண்டைப் பிரித்துப் போட்டாள். நான் செய்வித்த கூண்டின் சட்டங்கள் நாலு முயலுக்கும் கொறிக்கக் கிடைத்தன. என் பணத்துக்கு அதைவிட நல்ல செலவு இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் ஆரம்பித்தது வேலை. பழைய எண்ணெய் டின்களை வெட்டி, தகட்டைத் தட்டி நேராக்கி, ஒவ்வொரு கதவு நிலைக்கும் அடியில் ஒரு முழம் உயரத்துக்கு அடித்தோம். நான் சுத்தியல், அவள் ஆணி. என் பெருவிரல் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. பெருமாள் இருக்கும் பூஜை உள் வாசலிலும் சமையலறை வாசலிலும் குறுக்கே பலகை. கொறிக்க வேப்பங்குச்சி, முருங்கைக் கிளை. தின்ன அருகம்புல், காய்ந்த புல், கட்டுக் கட்டாக.

மற்றொரு விஷயம் இருக்கிறதே... அதற்கும் அக்கா வழி கண்டாள். நாலும் திரும்பத் திரும்பக் கூடத்தில் ஒரே மூலைக்குத்தான் போகின்றன என்பதைக் கவனித்துவிட்டாள். அந்த மூலையில் ஒரு தகரத் தட்டு வைத்து உமியைக் கொட்டினாள். வேறு இடத்தில் விழுந்ததையெல்லாம் பொறுக்கித் தட்டில் போட்டாள். யாராவது வழி தவறினால் மெதுவாகத் தூக்கித் தட்டில் உட்கார்த்தி வைத்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்கிறீர்கள்! இது நடக்கிற காரியமா என்று நான் நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் கூடத்தைப் பெருக்கியவளுக்கு முறத்தில் ஒன்றுமே விழவில்லை.

அன்றைக்கே முகத்தை அலம்பிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போய் வாசற்படியில் நின்றேன்.

"மாமா, முயலெல்லாம் திரும்ப உள்ளே வந்துடுத்து. நாங்க தின்னறதுக்கு வளர்க்கறோம்னு பேசறவாளுக்கு நான் பதில் சொல்லப் போறதில்லை. ஆனா இந்த அகம் உங்களோடது. நீங்க வந்து பாருங்கோ. ஒரு கீறல், ஒரு நாத்தம் இருந்தா நாளைக்கே நான் பட்டணம் போயிடறேன். குண்டு விழுந்தா விழட்டும். என் தம்பியை மட்டும் ஒண்ணும் சொல்லாதேங்கோ."

வரதாச்சாரியார் அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ரேழியில் குனிந்து தகட்டைத் தட்டிப் பார்த்தார். ஒரு ஓரத்தைப் பெயர்த்து, பின்னால் நிலை பத்திரமா என்று பார்த்தார். கூடத்தில் நின்று மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். மறுபடி இழுத்தார். மிளகு அவர் காலைத் தாண்டி நிதானமாக நடந்து, மூலைத் தட்டில் ஏறி, காரியத்தை முடித்துக்கொண்டு இறங்கி வந்தது.

வரதாச்சாரியார் தட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"இதை நீயா சொல்லிக் குடுத்தே?"

"ஆமாம் மாமா."

"நம்மாத்துப் பேரனுக்கு நாலு வயசு முடிஞ்சாச்சு. இன்னும் பழகலை" என்றார். பிறகு, "பெருகிடுமோ?" என்றார்.

"நாலும் பொண்ணுதான். டாக்டரே சொல்லிட்டார்."

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் முதல் தெருவில் அந்தப் பேச்சு இல்லை. யார் நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியும்.

இத்தனை வருஷமாக எத்தனையோ காரியங்களை "நடக்காது" என்று நான் எழுதித் தள்ளியிருக்கிறேன். அதில் பாதியை நான் செய்தே பார்க்கவில்லை என்பது இப்போது புரிகிறது. ஒரே மூலையைப் பன்னிரண்டு நாள் கவனிக்கிற பொறுமை இருந்தால் எத்தனை "நடக்காது" நடந்திருக்குமோ!

இந்த வாரம் அத்திம்பேரிடமிருந்து கடிதம் வந்தது. பட்டணத்தில் பயம் தெளிந்துவிட்டதாம், ஜனங்கள் திரும்புகிறார்களாம், உடனே புறப்பட்டு வரவேண்டுமாம். கடைசியில் ஒரு வரி: "முயல்களை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வரவும்."

அக்கா ஒரு கார்டை எடுத்தாள். "நாங்கள் ஐந்து பேரும் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறோம்" என்று எழுதி, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இந்தக் கூடம் எப்படி இருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. தபாலாபீஸ் வாசலில் நின்று கார்டைப் படித்தேன். கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பேனாவை எடுத்து நானும் ஒரு வரி சேர்த்தேன்:

"அத்திம்பேரே, மறுத்துப் பேச வேண்டாம். பேசிப் பார்த்தவன் சொல்கிறேன்."