மஞ்சள் புத்தகத்தில் பத்தாம் நாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் பெரியப்பா மகன் என் வீட்டுக்கு வந்தார். தை மாதக் கடைசி. சம்பா அறுவடை முடிந்து, அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து தலைகாட்டியிருந்த நேரம். குடவாசலில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே நாலு தெருதான். இருந்தும் அவர் என் படியேறி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் இதை நினைவிலிருந்து சொல்லவில்லை.

கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு வைத்திருந்தார். அவருடைய ஒரே மகள் உகாண்டாவில், கம்பாலாவில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே சர்க்கரை ஆலையில் வேலை. அவளுக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடப்பதால் வரும் வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன் செய்து எடுப்பதென்று நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தாயார் இல்லை. எனவே அண்ணனும் அண்ணியும் புதன்கிழமை காலை ஒன்பதரை மணி விமானத்தில் சென்னையிலிருந்து கிளம்பி அன்று இரவுக்குள் கம்பாலா போய்ச் சேருவதாக ஏற்பாடு. ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டும் என்று மகள் தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"பாப்பாதான் சொன்னா. சித்தப்பாகிட்ட ஒரு தடவை காட்டிட்டுக் கிளம்புங்கன்னா. நீதான் இந்த ரூல்ஸெல்லாம் படிக்கிறவனாச்சே" என்றார்.

அது உண்மை. மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல நான் அரசாங்க அறிவிப்புகளைப் படிப்பேன். எந்த நாட்டுக்கு எந்தத் தடுப்பூசி, எந்த மருந்துக்கு டாக்டர் கடிதம் வேண்டும், எந்தச் சான்று எத்தனை நாளில் செல்லுபடியாகும் என்று எங்கள் ஊரில் வெளிநாடு கிளம்பும் பாதிப் பேர் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பெட்டி கட்டுவார்கள். நான் மட்டும் எந்த நாட்டுக்கும் போனதில்லை. ஏன் போகவில்லை என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எனக்கு இருபத்துமூன்று வயதில் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு விசா வந்தது. கும்பகோணத்து ஏஜென்ட் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தார். மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. அதற்கு என்னை அனுப்பவே இல்லை. கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் என்றார். ஆறாவது வாரம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் இடத்தில் அண்ணியின் தம்பி போனார். மூன்று வருடம் கழித்து, கும்பகோணம் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே, அந்த ஏஜென்ட் ஏதோ எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்போலச் சொன்னார்: "உங்க பெரியப்பா மகன்தான் தம்பி வந்து சொன்னாரு, உங்களுக்குச் சின்ன வயசுலேருந்து டிபி இருக்குன்னு. எக்ஸ்ரேல மாட்டினா என் பேரு கெட்டுப்போகும்ல."

பன்னிரண்டு வயதில் எனக்கு இரண்டு மாதம் இருமல் இருந்தது. டிபி இல்லை. ஏஜென்ட் சொன்ன பிறகு நானாகவே திருச்சியில் எக்ஸ்ரே எடுத்தேன், நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஆனால் அதற்குள் பேச்சு ஊரைச் சுற்றி வந்துவிட்டது. எனக்குப் பெண் பார்க்கப் போன இடங்களில் காபி கொடுத்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். முப்பத்தாறு வயதில்தான் கல்யாணம் ஆயிற்று. இதையெல்லாம் நான் அண்ணனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. வாய்க்கால் வெட்டும்போது, கல்யாணத்தில், சாவில் பார்த்தால் வாங்க போங்க என்று பேசுவோம். நான் மறக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் ஒரு விஷயத்தைச் சூடு ஆறாமல் வைத்திருப்பது பலர் நினைப்பதுபோலக் கஷ்டமில்லை. தினமும் எழுதுகிறவனுக்கு இன்னும் சுலபம்.

கோப்பை வாங்கி ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்று கட்டாயம். அது ஒரு சிறிய மஞ்சள் புத்தகமாக இருக்கும். நம் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த ஊசி கிடையாது, அதற்கென்று அனுமதி பெற்ற மையத்துக்குத்தான் போக வேண்டும். அவர்கள் சென்னைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அறுபது வயது தாண்டியவர்களுக்கு யோசித்துத்தான் போடுவார்கள் என்பதால் குடவாசல் டாக்டரிடம் கடிதமும் வாங்கிப் போயிருந்தார்கள். பெயர், பாஸ்போர்ட் எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. ஊசி போட்டது போன திங்கட்கிழமை.

ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்தச் சான்று செல்லும். ஊசி போட்ட நாள் அந்தப் பத்தில் சேராது. திங்கட்கிழமை போட்டால் அடுத்த வார வியாழக்கிழமையிலிருந்துதான் செல்லும். புத்தகத்தில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் நர்ஸ் வியாழக்கிழமைத் தேதியை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். டிக்கெட் புதன்கிழமைக்கு.

"பத்து நாள் ஆகணும்னாங்க, அது கரெக்டா வருதுல்ல?" என்று கேட்டுவிட்டு அண்ணனே விரலை மடக்கினார். "திங்கள் ஒண்ணு, செவ்வாய் ரெண்டு, புதன் மூணு..." வலது கை முடிந்து இடது கைக்கு மாறி, "இந்தப் புதன் பத்து" என்று முடித்தார்.

எங்கள் பக்கத்தில் நாள் எண்ணுவது இப்படித்தான். செத்த நாளையே ஒன்று என்று வைத்துத்தான் பத்தாம் நாள், பதினாறாம் நாள் காரியம் எல்லாம். காய்ச்சல் கண்ட நாளும் கணக்கில் சேரும், நாற்று விட்ட நாளும் சேரும். அண்ணன் எங்கள் வகையறாவில் நடந்த எல்லாச் சாவுக்கும் காரியத்துக்கு நாள் எண்ணிச் சொன்னவர். அந்த எண்ணிக்கையில் அவர் ஒரு முறையும் தவறியதில்லை. அதே விரல்களால்தான் இதையும் எண்ணியிருந்தார்.

நான் சொல்லத்தான் இருந்தேன். இதை நல்லவன் என்று காட்டிக்கொள்ள எழுதவில்லை, நடந்த வரிசையில் எழுதுகிறேன். என் ஆள்காட்டி விரல் அந்தக் கட்டத்தின் மேல் இருந்தது. ஒரு போன் செய்தால் டிக்கெட்டை வியாழனுக்கு மாற்றியிருக்கலாம். இரண்டு நாள் முழுசாக இருந்தது. வியாழன் இரவு போய்ச் சேர்ந்தாலும் வெள்ளிக் காலைக்கு மகளுடன் இருந்திருப்பார்கள்.

அப்போது அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "நீ அப்பவே மஸ்கட் போயிருந்தா இதெல்லாம் உனக்குத் தண்ணிபட்ட பாடா இருந்திருக்கும். என்ன பண்றது, உன் நெஞ்சுதான் ஒத்துக்கலையே."

முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக என் முகத்துக்கு நேரே அதைச் சொன்னார், அதுவும் ஒரு வேடிக்கைப் பேச்சாக. தான் கட்டிய பொய்யை அவரே நம்பத் தொடங்கிவிட்டார் என்று புரிந்தது.

விரலை எடுத்துவிட்டேன்.

"நீங்க எண்ணினது தப்பாகுமா அண்ணே" என்றேன்.

பிறகு அவருக்காக ஒரு முழுத் தாளில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். பிரஷர் மாத்திரை கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. மாத்திரைச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மலேரியா மாத்திரையை டாக்டர் சொன்ன நாளில் தொடங்கி, திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைக்க வேண்டும், கேட்கும் இடத்திலெல்லாம் அதைக் காட்ட வேண்டும். எல்லாம் சரியான குறிப்புகள். நான் யாருக்கும் அவ்வளவு அக்கறையாக எழுதிக் கொடுத்ததில்லை. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்து, "பரவால்லடா, ரத்தம் ரத்தம்தான்" என்றார். என் மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நான் சொல்லியிருக்கலாம். செவ்வாய் மதியம் அவர்கள் காரில் கிளம்பும்போது தெருமுனையில் நின்று கையும் காட்டினேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன். மாலையில் உளுந்து வயலைச் சுற்றி வந்தேன்.

புதன் காலை ஏழு இருபதுக்குப் போன் வந்தது. விமானக் கம்பெனிக் கவுண்டரில் இருந்த பெண் மஞ்சள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாளைக்குத்தான் சார் இது செல்லும், இன்று ஏற்றினால் அங்கே இறங்க விட மாட்டார்கள் என்று சொல்லிப் பெட்டிகளைத் திருப்பித் தள்ளிவிட்டாளாம். வியாழனும் வெள்ளியும் இடமே இல்லை. சனிக்கிழமைதான் கிடைக்கிறது. இவ்வளவையும் மூச்சு வாங்கச் சொன்னார்.

"ஒரு நாள்டா. ஒரே ஒரு நாள். நீ பார்த்தியே."

"பார்த்தேன் அண்ணே."

"தேதி எழுதியிருக்குங்கறாளே. உன் கண்ணுல படலையா?"

"பட்டுச்சு."

நான் அவசரப்படவில்லை.

"கும்பகோணத்து ஏஜென்ட்கிட்ட எனக்கு டிபின்னு சொல்லிட்டு வந்தீங்களே, அன்னைக்கு என்ன கிழமைன்னு ஞாபகம் இருக்கா அண்ணே? எனக்குத் தெரியும். ஏஜென்ட் சொன்னாரு" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டுவதற்கு என்னிடமும் தயாராக வார்த்தைகள் இருந்தன. அவர் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டார்.

"தம்பி," என்றார் அண்ணி. அவர் குரல் உயரவே இல்லை. "பொண்ணு தனியா இருக்கா தம்பி. வெள்ளிக்கிழமை அவளை உள்ள கூட்டிட்டுப் போறப்போ கையைப் பிடிச்சுக்க யாரும் இல்லை."

மாப்பிள்ளை இருக்கிறாரே என்று என்னவோ சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று அண்ணன் வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ இறங்கியது, அது சந்தோஷமா ஏமாற்றமா என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை. அவர்கள் சனிக்கிழமை கிளம்பிப் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை அந்தப் பெண் வீடியோவில் என்னைக் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தாள். குழந்தையைக் காட்டினாள். அண்ணன் பின்னால் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க அப்பா பண்ணின கூத்தைக் கேட்டீங்களா சித்தப்பா? ஊசி போட்ட நாளையும் சேர்த்து எண்ணியிருக்காரு. உங்ககிட்ட காட்டிட்டு வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். காட்டவே இல்லையாம். அவருக்கே எல்லாம் தெரியும்னு நினைப்பு."

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் காட்டினார் என்று சொன்னால் நான் ஏன் சொல்லவில்லை என்று மகள் கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல அவர் தயாராக இல்லை. இனி பேத்தி வளரும்வரை அந்த வீட்டில் எண்ணத் தெரியாதவர் அவர்தான்.

"காட்டியிருக்கலாம்மா" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குழந்தை சிணுங்கியது. பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அதை அவள் மடியிலிருந்து வாங்கிக்கொண்டது. அண்ணியின் கை. முகத்தை அவர் காட்டவில்லை. அம்மா, சித்தப்பாகிட்டப் பேசுங்க என்று அந்தப் பெண் இரண்டு தடவை கூப்பிட்டாள். குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டும் என்று உள்ளே இருந்து பதில் வந்தது.